நேரில் கண்ட சாட்சி

புரட்டாசி பிறந்துவிட்டால் பழவேற்காட்டு மீன் சந்தையில் கூட்டம் பாதியாகிவிடும். பெருமாள் மாதம் என்று கவிச்சியைத் தொடாதவர்கள் பொன்னேரிப் பக்கம் நிறையப் பேர். அப்படி வியாபாரம் இல்லாமல் கூடைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் வேன் ஓட்டும் மக்பூல் வந்து பூங்காவனத்தின் எதிரில் குந்தினான். மடவை வாங்க வந்தவன் மாதிரித் தெரியவில்லை. மீனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“அக்கா, ஒண்ணு சொல்றேன். கத்தக் கூடாது.”

“நான் இன்னாத்துக்குடா கத்தப் போறேன்?” என்று அவள் கேட்டதே நாலு கூடை தள்ளி இருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

மக்பூல் குரலைத் தாழ்த்தினான். “செங்கல்வராயனைப் பாத்தேன்.”

பூங்காவனத்தின் கை தராசுத் தட்டிலேயே நின்றுவிட்டது.

முந்தின ஞாயிற்றுக்கிழமை கல்லூரிப் பையன்களைத் தடாவுக்கு மேற்கே இருக்கும் அருவிக்கு மக்பூல் வேனில் கூட்டிப் போயிருக்கிறான். வழியில் காட்டுக்குள் ஒரு புத்தர் கோயில். தண்ணீர் பிடிக்க இறங்கியிருக்கிறான். “தலைய மழிச்சிகினு, காவி சுத்திகினு, வாசல்ல சருகு கூட்டிகினு இருந்தான். ‘ராயா’ன்னேன். நிமிந்து பாத்தான். தொடப்பத்தைச் சாத்தி வச்சிட்டு உள்ள போய்ட்டான். வெளிய வரவே இல்ல. அவனேதான்கா. இடது காதுல பாதி இல்ல பாரு, அது அவனேதான்.”

நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதத்தில், பூங்காவனத்தின் புருஷன் லோகநாதனும் அவன் கூட்டாளி செங்கல்வராயனும் பைபர் படகை எடுத்துக்கொண்டு முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போனார்கள். சாயங்காலமே வாடைக் காற்று எகிறியது. நாலாம் நாள் ராயன் மட்டும் திரும்பி வந்தான். ஆந்திரப் பக்கத்து விசைப்படகுக்காரர்கள் அவனைக் கடலிலிருந்து தூக்கிக் கரை சேர்த்திருந்தார்கள். உதடு வெடித்து, கண் வீங்கி, தங்கள் ஊரான கோட்டைக்குப்பத்து மாரியம்மன் கோயில் முன்னால் நின்று அவன் சொன்னது இவ்வளவுதான்: “படகு கவுந்த அன்னிக்கே அலை எங்களைப் பிரிச்சிடுச்சு. அவன் ஒரு கேனைப் புடிச்சிகினு மெதந்ததைப் பாத்தேன். ஏதாச்சும் கப்பல் தூக்கியிருக்கும்.”

இரண்டு மாதத்தில் அவனும் ஊரைவிட்டுப் போனான். எங்கே என்று அவன் அக்காவுக்குக்கூடத் தெரியாது.

அவன் போனான், அவன் சொன்ன சொல் போகவில்லை. கப்பல் தூக்கியிருக்கும். லோகநாதனின் தாய் இருசம்மாள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருந்தாள். பர்மா ஜெயிலில் இருக்கிறான் என்று ஒரு ஜோசியன் சொன்னான். தெற்கே எங்கோ நினைவு தப்பித் திரிகிறான் என்றான் இன்னொருவன். இரண்டையும் அவள் நம்பினாள். மருமகள் பூ வைத்துக்கொள்ளாமல் வாசல் தாண்டினால் பிடித்து நிறுத்துவாள். பூ வைத்துக்கொண்டு போனால் சந்தையில் ஒரு பேச்சு, வைக்காமல் போனால் வீட்டில் ஒரு பேச்சு. நாற்பத்திரண்டு வயதில் பூங்காவனம் சுமங்கலியும் இல்லை, விதவையும் இல்லை. கோயில் விசேஷத்தில் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் கடைசியில் போகாமலே விட்டுவிட்டாள்.

போன வாரம்தான் மகள் அர்ச்சனா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பொன்னேரிக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

“அம்மா, நைனா பேரு எழுதிட்டேன். அடுத்த கட்டத்துல ‘உயிருடன் உள்ளாரா, இல்லையா’ன்னு கேட்டிருக்கு. எதுல டிக் அடிக்கறது?”

“அப்படியே வை” என்றாள் பூங்காவனம். மறுநாள் தாலுகா ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொன்னார். “உடம்பு கிடைக்கலைன்னா இறப்புச் சான்று குடுக்க ஏழு வருஷம் முடியணும்மா. இல்லாட்டி நேர்ல பாத்த சாட்சி யாராவது வந்து எழுதிக் குடுக்கட்டும், மேல அனுப்பிப் பாக்கலாம். கூடப் போனவர் இருக்காரு இல்ல?”

கூடப் போனவர் இருந்தார். காட்டுக்குள் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்.

மக்பூல் போனதும் பூங்காவனம் மீதி மீனைப் பக்கத்துக் கூடைக்காரியிடம் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தாள். மாமியாரிடம், “அத்தே, நாளைக்கு ராயனைப் பாக்கப் போறேன்” என்றாள்.

இருசம்மாள் சோற்றுத் தட்டை நகர்த்தினாள். “எங்க கீறான்?”

“தடாவாண்ட. காட்டுக் கோயில்ல.”

“அவன் சொல்ல வேண்டியதை அன்னிக்கே சொல்லிட்டான். இன்னும் இன்னாத்த கேக்கப் போற?”

“சொல்லாம வச்சிருக்கறதை.”

கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “போவாத” என்றாள் சுவரைப் பார்த்து. பூங்காவனம் விடிந்ததும் கிளம்பினாள்.

பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ரயில், தடாவில் இறங்கி ஷேர் ஆட்டோ. ஆட்டோக்காரன் தெலுங்கில் கேட்டான், இவளும் உடைந்த தெலுங்கில் பதில் சொன்னாள். மலையடிவாரக் கிராமத்தோடு ஆட்டோ நின்றுவிட்டது. மீதி மூன்று கிலோமீட்டரும் நடைதான்.

செம்மண் பாதையின் இரண்டு பக்கமும் காரைப் புதரும் புளிய மரமுமாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் பூங்காவனத்துக்கு என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. நின்று யோசித்தபோதுதான் தெரிந்தது. அலைச் சத்தம் இல்லை. படகு மோட்டார் இல்லை. காற்றுகூட இல்லை. பிறந்ததிலிருந்து காதில் ஏதாவது இரைந்துகொண்டே இருந்த ஊர் அவளுடையது. இங்கே அவள் செருப்புச் சத்தமே யாரோ பின்னால் வருகிற மாதிரிக் கேட்டது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

கோயில் என்றதும் கோபுரம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். மரங்களுக்கு நடுவே ஓடு வேய்ந்த ஒரு கூடம். பின்னால் நாலைந்து சின்ன அறைகள். கூடத்துக்குள் வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு புத்தர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு செம்பருத்திப் பூவும் ஒரு டம்ளர் தண்ணீரும். மணியில்லை, தீபாராதனையில்லை, உண்டியல் எங்கே என்று தேடினால் அதுவுமில்லை. ஓடைத் தண்ணீர் பாறையில் விழுவது மட்டும் எங்கிருந்தோ கேட்டது.

வாசலில் கிணற்றுக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்த பெரிய பிக்கு எழுந்து வந்தார். அறுபது வயதிருக்கும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் காவி வாங்கியவராம்.

“செங்கல்வராயனைப் பாக்கணும் சாமி.”

“பாக்கலாம்மா. பேச முடியாது. மழைக்காலம் மூணு மாசம் அவர் மௌனம் எடுத்திருக்கார். நாங்க சொல்லி இல்ல, அவரா எடுத்தது. ஐப்பசிப் பௌர்ணமிக்கு வாங்க.”

“ஐப்பசி வரைக்குமா?” பூங்காவனத்தின் குரல் கூடத்துக்குள் போய் மோதித் திரும்பி வந்தது. உள்ளே கண்மூடி உட்கார்ந்திருந்த இரண்டு பேர் கண்ணைத் திறந்தார்கள். “நாலு வருஷமாப் பேசாம இருக்கறவனுக்கு இன்னும் இன்னா மௌனம்? டேய் ராயா! வெளிய வாடா!”

“அம்மா, அம்மா” என்று பிக்கு கையைக் காட்டினார்.

கடைசி அறையின் கதவு திறந்தது. ராயன் வந்து நின்றான். மெலிந்திருந்தான். அவளைப் பார்த்ததும் கைகூப்பினான். பிறகு கதவை மூடிக்கொண்டான்.

அன்று அவள் அந்தக் கதவின் முன்னால் நின்று திட்டாத திட்டு இல்லை. கோழை என்றாள், துரோகி என்றாள், லோகநாதன் கையால் சாப்பிட்டவன்தானே என்றாள். கதவு அசையவில்லை. பெரிய பிக்கு சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டே இருந்தார், போகச் சொல்லவில்லை. தொண்டை கட்டியதும் அவரே ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்துவிட்டு, நாலு மணி ஆட்டோவுக்காக அவள் இறங்கி நடந்தாள்.

ரயிலில் வரும்போது யோசித்துப் பார்த்தாள். திட்டினால் கதவு திறக்காது. திட்டு வாங்குவதற்காகவே உட்கார்ந்திருப்பவன் போலத்தான் அவன் இருந்தான். திட்டத் திட்ட அவனுக்கு ஏதோ கடன் கழிகிற மாதிரி. அந்தச் சுகத்தை அவனுக்குக் கொடுக்கக் கூடாது.

மறுநாளும் போனாள். இந்த முறை கத்தவில்லை.

“சாமி, நான் சத்தம் போட வரல. ஆனா போகவும் மாட்டேன். இங்க உக்காந்துக்கறேன்.”

“உக்காருங்க” என்றார் பிக்கு.

கூடத்துப் படியில் உட்கார்ந்தாள். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. பத்து நிமிடம் ஆனதும் வாய் நமநமத்தது. யாரையாவது கூப்பிட்டு வெயிலைப் பற்றியாவது பேச வேண்டும் போலிருந்தது. ஒரு குரங்கு வந்து புத்தர் முன்னால் இருந்த பூவை எடுத்துக்கொண்டு போனது. யாரும் விரட்டவில்லை. பதினொரு மணிக்கு அடிவாரத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து வைத்தாள். பிக்குகள் வரிசையாக வந்து பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள். ராயனும் வந்தான். பூங்காவனம் அவன் போகிற வழியிலேயே கண்ணை வைத்திருந்தாள். அவன் கை நடுங்கி ரசம் தரையில் சிந்தியது.

மாலை வரை உட்கார்ந்திருந்தாள். பேசாமல் இருக்க இருக்க, நாலு வருடமாகத் தள்ளித் தள்ளி வைத்திருந்த ஒன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. லோகு செத்துப்போயிருப்பான். அது அவளுக்குத் தெரியும். முதல் மாதமே தெரியும். யாரும் சொல்லாததால் அவளும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கிளம்பும்போது அவள் அந்த மூடிய கதவைப் பார்த்து மெதுவாக, “நாளைக்கும் வருவேன்” என்றாள்.

வீட்டில் இருசம்மாள், “இன்னா சொன்னான்?” என்று கேட்டாள்.

“இன்னும் ஒண்ணும் சொல்லல.”

“அப்ப வுட்டுடு. சொல்ல ஒண்ணுமில்ல, அதான் சொல்லல.”

“இருக்கு அத்தே. இல்லாதவன் என்னைப் பாத்து நடுங்க மாட்டான்.”

மூன்றாம் நாள் அவள் படியில் உட்காரவில்லை. நேராகப் பெரிய பிக்குவிடம் போனாள்.

“சாமி, அவரு வாயத் தொறக்க வேணாம். மௌனம் மௌனமாவே இருக்கட்டும். நான் கேக்கறேன், தலைய மட்டும் ஆட்டட்டும். அதுக்குத் தடை இருக்கா?”

“தனியாப் பேசக் கூடாது. நான் கூட இருப்பேன். வரணுமா வேணாமான்னு முடிவு பண்ண வேண்டியது அவர்” என்று சொல்லிவிட்டுப் பிக்கு அறைப்பக்கம் போனார்.

வெகுநேரம் கழித்து ராயன் வந்தான். புத்தர் முன்னால், அவளுக்கு ஆறடி தள்ளித் தரையில் உட்கார்ந்தான். தலை குனிந்தே இருந்தது. பெரிய பிக்கு தூணோரம் உட்கார்ந்தார்.

பூங்காவனம் இரண்டு நாளாகக் கேட்க வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். இப்போது ஒன்றும் நினைவில் இல்லை. தெரிந்ததைச் சொன்னாள்.

“ராயா, அத்த தெனம் ரெண்டு வேளை லோகுவுக்குத் தட்டு வைக்குது. ஆறின சோத்தை எடுத்துக் கோழிக்குப் போடறது நான்தான். அர்ச்சனா காலேஜு காயிதத்துல அப்பா இருக்கறாரா இல்லையான்னு எழுதத் தெரியாம உக்காந்துகினு கீது. நான் நெத்தியில பொட்டு வைக்கும்போது ஒவ்வொரு நாளும் கை நிக்குது. இது உனக்குத் தெரியணும்னு சொல்றேன். உன்னைத் திட்ட வரல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். லோகு செத்தது உனக்குத் தெரியுமா?”

ராயன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

லோகு செத்தது தனக்குத் தெரியும் என்றுதான் அவள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தத் தலை அசைந்ததும் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். பிக்கு எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்று கை காட்டினாள்.

“நீ பாத்தியா?”

மறுபடியும் தலை ஆடியது.

“உன் கண்ணு முன்னாலயா?”

இதற்கு அவன் தலையை ஆட்டவில்லை. வாய் திறந்தது. மூன்று மாதத்தில் பாதி பேசாமலே கழிந்ததில் குரல் கரகரத்து, முதல் வார்த்தை காற்றாகத்தான் வந்தது.

“என் மடியில அண்ணி.”

பிறகு அவன் நிற்கவில்லை. படகு கவிழ்ந்தபோது இன்ஜின் லோகநாதனின் தலையில் அடித்திருக்கிறது. இருவரும் கவிழ்ந்த படகின் முதுகில் ஏறிக்கொண்டார்கள். ராயன் வலைக் கயிற்றை அறுத்து இருவரையும் சேர்த்துப் படகோடு கட்டினான். இரண்டாம் நாள் பகல் முழுக்க லோகநாதன் பேசிக்கொண்டிருந்தான். அர்ச்சனாவுக்குச் சைக்கிள் வாங்குவதைப் பற்றி, பாதி பின்னிய நண்டு வலையைப் பற்றி. பொழுது சாயும் நேரத்தில் பேச்சு நின்றது.

“அப்புறம் அவன் வெயிட்டு பூரா ஒரு பக்கம். படகு சாஞ்சிகினே போச்சு. விடியற வரைக்கும் புடிச்சிகினு இருந்தேன். வெளிச்சம் வந்ததும் அவன் மொகத்தைப் பாத்தேன். என்னால முடியல அண்ணி. கயிறை அவுத்துட்டேன். போய்ட்டான்.” ராயன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். “அரை மணி நேரம் இருக்காது. விசைப்படகு வந்துச்சு. அரை மணி நேரம் பொறுத்திருந்தா உடம்பையாவது உன்கிட்ட கொண்டாந்து குடுத்திருப்பேன். அதை எந்த வாயால சொல்றது? ஊரு முன்னால நின்னதும் வேற இன்னாமோ வந்துடுச்சு. ஒரு தரம் சொன்னதை மாத்த முடியல. அவனைப் பெத்த ஆயா வந்து கையப் புடிச்சிகினு ‘கப்பல் தூக்கியிருக்கும் இல்ல, தூக்கியிருக்கும் இல்ல’ன்னு கேக்கும். ஆமா ஆமான்னு சொன்னேன். அப்புறம் அங்க இருக்க முடியல.”

பூங்காவனம் அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, நெடுநேரம். அந்த இடம் அவளை அழவிட்டது. யாரும் வந்து தோளைப் பிடிக்கவில்லை, தேற்றவில்லை, காரணம் கேட்கவில்லை. நாலு வருடத்தில் முதல் முறையாக அவள் அழுது முடித்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நீ கயிறை அவுத்தது தப்பா சரியா, எனக்குத் தெரியாது. நான் அந்தப் படகுல இல்ல. ஆனா நீ பொய் சொன்னது தப்பு. நாலு வருஷம் எங்களைக் கரையில கட்டிப் போட்டுட்ட. இப்ப என்கூட வா. மொதல்ல அத்தகிட்ட சொல்லணும். அப்புறம் பொன்னேரி ஆபீஸ்ல சொல்லணும்.”

“ஊர்ல அடிச்சே போட்டுடுவாங்க அண்ணி.”

“அடிக்க வந்தா நான் நிப்பேன். பொய் சொன்ன ஊர்லயே நின்னு நெசத்தைச் சொல்லு.”

ராயன் பிக்குவைப் பார்த்தான். மழைக்காலத்தில் இடத்தைவிட்டுப் போகக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. பெரிய பிக்கு தொண்டையைச் செருமினார்.

“அவசர காரியம்னா ஏழு நாள் வெளிய போய்ட்டு வரலாம்னு விதியிலயே இடம் இருக்கு. இது அவசரமா இல்லையான்னு என்னைக் கேக்காதே.”

ராயன் அறைக்குள் போய் ஒரு துணிப் பையோடு திரும்பி வந்தான்.

பழவேற்காட்டில் இறங்கும்போது பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. போனில் சொல்லி வைத்திருந்ததால் மக்பூல் வேனோடு பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தான். கடைவீதியில் காவித் துணியை எல்லோரும் பார்த்தார்கள். கோட்டைக்குப்பத்துக்குள் நுழைந்ததும் அந்தப் பாதிக் காதை யாரோ அடையாளம் கண்டுகொண்டு கத்தினார்கள். வீட்டு வாசலுக்கு வருவதற்குள் முப்பது பேர் பின்னால் இருந்தார்கள்.

இருசம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். ராயன் அவள் காலடியில் மண்ணில் உட்கார்ந்து, காட்டில் சொன்னதை ஒன்றுவிடாமல் திரும்பச் சொன்னான். கயிற்றை அவிழ்த்தேன் என்று சொன்ன இடத்தில் கூட்டத்திலிருந்து ஒருவன் “டேய்” என்று பாய்ந்து வந்தான். லோகநாதனுக்குப் பங்காளி முறை. பூங்காவனம் குறுக்கே நின்றாள்.

“கைய எடு. முழுசாச் சொல்லி முடிக்கட்டும். நாளைக்கு ஆபீஸ்லயும் இவன் பேசணும் எனக்கு.”

அவன் பின்வாங்கினான். இருசம்மாளின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ராயன் முடித்த பிறகு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“தண்ணி கேட்டானா?”

ராயன் பூங்காவனத்தை நிமிர்ந்து பார்த்தான். அவள் கண்ணாலேயே, சொல் என்றாள்.

“கேட்டான் ஆயா. எங்ககிட்ட இல்ல.”

“மழ பேயலியா?”

“பேஞ்சுது. அன்னிக்கு ராத்திரி. அவன் மூச்சு நின்ன பின்னால.”

கிழவி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். பிறகுதான் அந்தச் சத்தம் அவளிடமிருந்து வந்தது. பெண்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். நாலு வருடம் தாமதமாக அந்த வீட்டில் சாவு விழுந்தது. அர்ச்சனா உள்ளேயிருந்து வந்து ஆயாவைக் கட்டிக்கொண்டாள். ராயன் எழுந்திருக்கவில்லை. இருட்டும் வரை மண்ணிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு கட்டத்தில் இருசம்மாளே, “அவனுக்குத் தண்ணி குடுங்க” என்றாள். அன்றிரவு அவனைத் தன் வீட்டு மாடியில் படுக்க வைத்தான் மக்பூல்.

காலையில் பொன்னேரிக்குப் போனார்கள். குமாஸ்தா காவித் துணியை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெயர் கேட்டார். காட்டில் அவனுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். அவன் செங்கல்வராயன் என்றே சொன்னான், ஆதார் அட்டையையும் கொடுத்தான். மூன்று பக்கம் எழுதினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அங்கே சத்தம் போட்டார்கள். அதற்கும் அவன் தலை குனியாமல் பதில் சொன்னான். இப்படி அலைந்ததில் நாலு நாள் ஓடிப்போயிற்று. கேள்வி கேட்ட இடமெல்லாம் பூங்காவனம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் நாள் ரயில் நிலையத்தில் அவன் கேட்டான். “அண்ணி, என்னை மன்னிச்சிடுவியா?”

அவள் உண்மையாகவே யோசித்தாள். “தெரியல ராயா. அதுக்கு இப்ப நேரமில்ல. சாங்கியம் பண்ணணும், எவ்வளவோ வேல கெடக்கு. நீ உன் ரயிலுக்குப் போ.”

அவன் கைகூப்பிவிட்டுப் போனான். உத்தரவு வர மாசி மாதம் ஆகும் என்று குமாஸ்தா சொன்னார். சொன்னபடி மாசியில் வந்தது.

ஆனால் சடங்குக்கு அவர்கள் மாசி வரை காத்திருக்கவில்லை. சேதி தெரிந்த பதினாறாம் நாள் கடலில் பால் ஊற்றுவதென்று முடிவானது. ஆண்கள் போய் ஊற்றிவிட்டு வந்தால் போதும், பொம்பளைகள் கரையில் நிற்கட்டும் என்றார் ஊர்ப் பெரியவர். பூங்காவனம் பால் சொம்பைக் கொடுக்கவில்லை.

“நானும் வரேன். என் பொண்ணும் வரும்.”

“பழக்கமில்ல பூங்காவனம்.”

“நாலு வருஷம் காத்திருந்தது மட்டும் பழக்கமா?”

அதற்குள் இருசம்மாள் முழங்காலளவு தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துவிட்டாள். “ஏத்தி வுடுங்கடா” என்றாள். மூன்று பேரையும் படகில் ஏற்றினார்கள்.

படகு ஏரியைத் தாண்டி முகத்துவாரத்து அலையில் ஏறி இறங்கியது. அர்ச்சனா பயத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பூங்காவனம் மறு கையால் மாமியாரைப் பிடித்திருந்தாள். காலையில் கண்ணாடி முன்னால் நின்று அவள் பொட்டு வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். யார் என்ன சொல்வார்கள் என்று நினைக்கவில்லை, தன் முகத்துக்கு அது வேண்டும் என்று தோன்றியது, வைத்துக்கொண்டாள். மாமியாரும் பார்த்தாள், தடுக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் படகோட்டி இன்ஜினைக் குறைத்தான். “இங்கயே ஊத்திடலாங்களா?”

இருசம்மாள் கடலைப் பார்த்தாள். கரை இன்னும் நன்றாகத் தெரிந்தது. சவுக்குத் தோப்பும், கலங்கரை விளக்கமும், கரையில் நிற்கிற ஆட்களும் தெரிந்தார்கள்.

“இன்னும் உள்ள போப்பா” என்றாள் அவள். “அவன் இவ்வளவு கிட்ட இல்ல.”

படகோட்டி பூங்காவனத்தைப் பார்த்தான்.

“போ” என்றாள் பூங்காவனம்.